இரவல் திண்ணை

மாரண்டஹள்ளிக்கு வந்திருந்த கவி நண்பரிடம், வலைப்பதிவுக்கு எந்த மென்பொருள் என்று கேட்டேன். முகம் சுளித்தார். அது மெக்கானிக் சமாச்சாரமாம். இலவசமாகக் கிடைப்பதில் எழுதினால் போதுமாம்.

1959இல் செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியது எதற்கு? பெரிய பத்திரிகைகள் விட்ட இடத்தில் ஒண்டிக்கொள்ளவா? அந்தப் பரம்பரை இன்று இரவல் திண்ணையில் படுத்துக்கொண்டு அதை வீடு என்கிறது. 2009இல் அமெரிக்காவில் யாஹூ தன் ஜியோசிட்டீஸை மூடியது. திண்ணையில் கிடந்தவை தெருவுக்கு வந்தன.

2003இல் வந்த வேர்ட்பிரஸின் மூலநிரல் எல்லோருக்கும் பொது. எழுதியதை மொத்தமாக மூட்டை கட்டி வேறிடம் போகலாம். சொந்த முகவரிக்கும் ஆண்டு வாடகை உண்டுதான். ஆனால் வீட்டுக்காரனை மாற்றிக்கொள்ளலாம். பிரதி ஒன்று நம் கையில் இருக்கவேண்டும், அவ்வளவே.

ஒரு சொல்லை மாற்றினால் சண்டைக்கு வருகிற கவிஞன், கவிதை மொத்தமும் யார் பிடியில் என்று கேட்காதது ரசனையல்ல, சோம்பல்.