யாருக்கு வாடகைக்கு விட்டேன்?

வாடகைக்கே விடாத வீட்டுக்கு ஒரு வாடகையைக் கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்குச் சொத்து வரியும் போடுகிறார்களே, இதைக் கேட்பார் இல்லையா? என் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு இவ்வளவு என்று நீங்களாக ஒரு தொகையை எழுதிக்கொண்டீர்கள். அந்த வாடகையை என் கையில் கொடுத்தது யார்? கூடத்திலா, பின்கட்டிலா, எங்கே இருக்கிறார்கள் அந்தக் குடித்தனக்காரர்கள்? இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். மில்லில் உழைத்து ஓய்ந்த என் கணவர் போன பிறகு எனக்கு வருவது பி.எஃப். பென்ஷன். அதற்கு அகவிலைப்படி கிடையாது. 2014-இல் அதன் குறைந்தபட்சத் தொகையை 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழிந்தும் அதே 1,000தான்.

ஆனால் வரி மட்டும் ஏறும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்றினார்கள். சென்னை தவிர்த்த ஊர்களில், குடியிருக்கும் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேலே போனால் 100. சென்னையின் பழைய பகுதிகளில் இந்தக் கடைசிப் படி 150 சதவீதம். என் வீடு 1,800-ஐத் தாண்டியதற்குக் காரணம் என் வசதி இல்லை, மாமனார் காலத்துக் கூட்டுக் குடும்பம். திண்ணையையும், ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த ஓட்டுக் கொட்டகையையும் சேர்த்து அளந்தால் தாண்டும்தான். அடுத்த தெருவில் லிஃப்டும் ஏசியுமாக எழும்பியிருக்கும் 1,150 சதுர அடி ஃபிளாட்டுக்கு ஏற்றம் 50 சதவீதம். மழை வந்தால் ஒழுகும் என் மச்சுக்கு 100. அளந்த டேப்புக்கு என் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கேட்டால் பதினைந்தாவது நிதிக்குழுவைக் காட்டுகிறார்கள். வரியைத் திருத்தினால்தான் மத்திய மானியமாம். சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் முறையான சீராய்வு நடக்கவில்லையாம். 2018-இல் ஏற்றி, 2019-இல் அதை நிறுத்தி வைத்ததும் அரசுதானே? அத்தனை வருடம் தூங்கியது யார்? அந்தத் தூக்கத்தின் பாரத்தை ஒரே அரையாண்டில் என் தலையில் இறக்குவது என்ன நியாயம்?

நகரத்துக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் என் தெருவைக் கூட்டுகிற பெண்களுக்குச் சம்பளம் இந்த வரியிலிருந்துதான் போகிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னும் கூடவே கொடுங்கள். ஆனால் யாரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். என் வீட்டுக்கு நான்கு மனை தள்ளி ஒரு காலியிடம், கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வாங்கிப் போட்டவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு விலை ஏறக் காத்திருக்கிறார். அந்த விலை எதனால் ஏறுகிறது? எங்கள் வரியில் போட்ட ரோட்டால், எங்கள் வரியில் இழுத்த குழாயால்! அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் 1879-லேயே இதை எழுதிவிட்டார்: ஊர் வளர்வதால் நிலத்துக்குக் கூடும் மதிப்பு ஊருக்கே சேர வேண்டும், கட்டடத்தையும் உழைப்பையும் விட்டுவிட்டு அந்த நிலமதிப்புக்கு வரி போடுங்கள் என்று. எஸ்டோனியாவில் 1993 முதல் நிலத்துக்குத்தான் வரி, மேலே நிற்கும் வீட்டுக்கு இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022-இல் சொத்து வரியை விலக்கினார்கள். தில்லியில் முதியவர்களுக்கும் பெண்களுக்கும், சொந்த வீடு ஒன்றுக்கு, 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதக் கழிவு உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மனு கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் சொன்னார்: "கோடிக்குப் போற வீடும்மா, வித்துட்டுச் சின்னதா ஒண்ணு பாத்துக்கிட்டுப் போங்களேன்." அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. கோடி யாருக்கு? நான் விற்றால்தானே கோடி! விற்காதவரை இது சுவர், கூரை, என் பிள்ளைகள் பிறந்த அறை. அரிசிக் கடைக்காரர் என் செங்கல்லை வாங்கிக்கொண்டு அரிசி போடுவாரா? வரி கட்ட முடியாததால் ஒருத்தி குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டுமென்றால், அதற்குப் பெயர் வரியா, வெளியேற்றமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதை எட்டியவர்கள் சொந்த வீட்டின் வரியைத் தள்ளிவைக்கலாம். அரசே அதை வட்டியோடு வீட்டின் மேல் கடனாக எழுதிக்கொள்கிறது. வீடு கைமாறும்போது எடுத்துக்கொள்கிறது. யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. அதையே எனக்கும் செய்யுங்கள். இதில் சலுகையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. நீங்கள் சொல்லும் அந்தக் கோடி என்றைக்கு யார் கைக்கு வருகிறதோ, அன்றைக்கு அந்தக் கையிலிருந்து வட்டியும் முதலுமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு அரசாணை போதாதா? போடுவதற்கு உங்களைத் தடுப்பது எது, சொல்லுங்கள்!