சிவந்தால் சரியாகிவிடுமா?

பேரன் அமெரிக்காவில் கல்லூரி ஓட்டக் குழுவில் இருக்கிறான். சென்ற மாதம் வீடியோவில் பேசும்போது கெண்டைக்காலைக் காட்டினான். செக்கச்செவேல் என்று இருந்தது. என் மனைவி பதறிவிட்டாள். "பயப்படாதீங்க ஆயா, டிரெயினர் செஞ்ச வைத்தியம்" என்று சிரித்தான்.

அங்கே அத்லெடிக் டிரெயினர் என்றால் உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் அல்ல. விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கப் படித்துத் தேர்ந்தவர். களிம்பு தடவி, விளிம்பு மழுங்கிய எஃகுத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, தசையின் போக்கில் வழித்துவிடுகிறார். இறுக்கமான இடத்தில் மணல் நெருடுவதுபோல் கைக்குத் தெரியுமாம்.

இது முழுக்கப் புதியதல்ல. சீனாவில் குவா ஷா என்று வெகுகாலமாக இருக்கிறது. ஸ்வீடன்காரர் எக்மன் இதற்காகக் கொக்கிகள் செய்தார். பிரெஞ்சில் அதைக் 'குரோஷ்தாஜ்' என்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் பின்னும் குரோஷா ஊசியும் அதே சொல்தான். அமெரிக்காவில் இதைப் பரப்பிய கிராஸ்டன், தண்ணீர்ச் சறுக்கில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, தனக்காகவே கருவி செய்துகொண்டவர்.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, தோல் எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு குணம் என்று நினைப்பது. சிவப்பு என்பது அங்கே இரத்த ஓட்டம் கூடியதன் அடையாளம். அழுத்தினால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் உடைந்து கன்றிப்போகும். உள்ளே ஒட்டிய தசை பிரிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. மூட்டு கொஞ்ச நேரம் இலகுவாக அசையலாம். அதற்குமேல் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. நல்ல டிரெயினர்களுக்கு இது தெரியும். பேரனுக்குத் தகடு சில நிமிடம்தான். அதன்பின் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சி. அதுதான் நாள்தோறும், வாரக்கணக்கில்.

இதை எழுதக் காரணம் என்னோடு காலையில் கடற்கரையில் நடக்கும் நண்பர். தொடை வலிக்கு எங்கேயோ போய்த் தகடு போட்டுக்கொண்டார். மறுநாள் தொடை கத்தரிக்காய் நிறம். அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அங்கே ஒருவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நம் வயதில் தோல் மெலிந்திருக்கும். பலருக்குச் சர்க்கரையால் கால் மரத்திருக்கும், சிலருக்கு நரம்பு சுருண்டிருக்கும். இருபது வயது ஓட்டக்காரனுக்குச் செய்வதை அப்படியே நமக்குச் செய்யக்கூடாது. யாராவது தகட்டைக் கையில் எடுத்தால், முதலில் உங்கள் மாத்திரைச் சீட்டை நீட்டுங்கள். வாங்கிப் படிக்காதவரிடம் காலை நீட்டாதீர்கள்.