பல்பை மாற்றினால் போதுமா?

பழைய புல்லட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "வெளிச்சமே இல்லை, நல்ல பவரான பல்பாகக் கொடுங்கள்" என்று கேட்டால், பல கடைகளில் 100/90 வாட் பல்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள். கேட்டதைக் கொடுத்தோம், காசை வாங்கிப் போட்டோம் என்று அத்துடன் முடிந்துவிடுகிறது. இது சரியான வியாபாரம் அல்ல என்பது எங்கள் கருத்து. உதிரிப் பாகத் தொழிலில் உள்ள அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

1955 முதல் சென்னையில் தயாரான வண்டி புல்லட். திருவொற்றியூரில் இருந்து வெளிவந்த அந்தப் பழைய வண்டிகளை இன்று இளைஞர்கள் தேடிப் பிடித்து, அப்பா ஓட்டியது, தாத்தா ஓட்டியது என்று ஆசையோடு புதுப்பிக்கிறார்கள். பெயின்டுக்கும் நிக்கலுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். வயரிங் மட்டும் முப்பது, நாற்பது வருடத்துப் பழசாகவே இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரவில் நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறார்கள். குழியோ மாடோ எதிரில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

100 வாட் பல்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். பழைய வயரும் சுவிட்சும் ஹோல்டரும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோல்டர் உருகும், சுவிட்சு கருகும். காயிலும் அவ்வளவு கரண்டைக் கொடுக்காது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது குறையும் கரண்டைப் பேட்டரி கொடுக்கிறது. அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே நிற்கும். பிளாட்டினம் பாயின்ட் வைத்த பேட்டரி இக்னிஷன் வண்டியாக இருந்தால் மறுநாள் காலையில் கிக்கர் அடித்துக் கால் வலிப்பதுதான் மிச்சம். இத்தகைய பல்புகளின் பெட்டியிலேயே, பொதுச் சாலையில் உபயோகிப்பதற்கல்ல என்று பல கம்பெனிகள் அச்சடித்திருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

உண்மையில் குறை பல்பில் இருப்பதில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஒரு தடவையும் பல்பின் முனையில் ஒரு தடவையும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பேட்டரியில் 12.5 வோல்ட்டும் பல்பில் 11 வோல்ட்டும் காட்டினால், வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்துவிட்டது என்று பொருள். 6 வோல்ட் வண்டியில் ஒரே ஒரு வோல்ட் குறைந்தாலும் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம் போய்விடும். அங்கே எவ்வளவு பெரிய பல்பைப் போட்டு என்ன பயன்?

தொலைகிற இடங்கள் சில. முதலாவது எர்த். புதிதாகப் பெயின்ட் அடித்த டூம், கிரீஸ் தடவிய ஹேண்டில் பேரிங் இவற்றின் வழியாக எர்த் சரியாகப் போவதில்லை. பல்பு ஹோல்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். அடுத்தது அம்மீட்டரின் பின்னால் உள்ள நட்டு. பெரும்பாலும் லூசாகத்தான் இருக்கும். மூன்றாவதாக, ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே. கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் பல்புக்குப் போகும். பழைய சுவிட்சு ரிலேயை இயக்கினால் போதும். இவ்வளவுக்கும் செலவு சில நூறு ரூபாய்தான்.

சார்ஜிங் விஷயமும் முக்கியம். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, 12 வோல்ட் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் நலம். 13-ஐயே எட்டவில்லை என்றால் காயில், ரெக்டிஃபயர், கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதிக்கும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகும். மாதம் ஒரு பல்பு வாங்க வருகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவருக்குத் தேவை ரெகுலேட்டர்.

6 வோல்ட்டை 12 ஆக்கக் கேட்டு வருபவருக்குப் பாதிச் சாமானைக் கொடுத்து அனுப்பக் கூடாது. பேட்டரி, எல்லாப் பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், ஃபிளாஷர், ரெகுலேட்டர் எல்லாமே மாற வேண்டும். பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எலக்ட்ரானிக் சாமானைக் கொடுத்தால், மாட்டிய நிமிடமே புகைந்துவிடும்.

எல்.இ.டி. பற்றியும் ஒரு வார்த்தை. பின் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் அது அருமையான சரக்கு, கரண்ட் மிச்சம். இண்டிகேட்டருக்குப் போட்டால் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படபடவென்று அடிக்கும். ஹெட்லைட்டில் மட்டும் நிதானம் தேவை. பழைய ரிஃப்ளெக்டர் பல்பு இழையின் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அதற்குள் கண்ட எல்.இ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் பகலிலும் ஹெட்லைட் எரிவதால், பழைய வண்டிக்காரர்களும் அப்படியே எரியவிட ஆசைப்படுகிறார்கள். சார்ஜிங்கைச் சரி செய்யாமல் அந்த ஆசை நிறைவேறாது.

சில்லறைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், "ஏன் அண்ணாச்சி, வர்ற வியாபாரத்தைக் கெடுக்கிறீங்க?" என்று எங்களைக் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினோம். பெரிய பல்பு விற்றால் ஒரு பல்பின் லாபம். ரிலே, வயர், லக், ஃபியூஸ் ஹோல்டர், தேவைப்பட்டால் ரெகுலேட்டர் என்று சரியாகக் கேட்டுக் கொடுத்தால் பல மடங்கு வியாபாரம். அதோடு அந்த வண்டியின் மெக்கானிக்கும் நம் கடைக்கு வருவார். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதமாக ஆகிவிட்டதால், பில் இல்லாத போலிச் சரக்கை நாடுவதற்கு முன்பிருந்த காரணமும் குறைந்துவிட்டது.

இரு சக்கர வண்டிக்கு 100/90 பல்பு ஸ்டாக் வைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கவுண்டரில் நிற்கும் பையன்களுக்கு மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுத்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பைச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குடோனில் இடம் தருகிறோம். பழைய புல்லட் ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.