அட்மின் என்பவர் யார்?

ஒரு நிறுவனம் கணக்கு மென்பொருள் வாங்கும்போது விலையைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசுகிறது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம், யார் எதற்கு ஒப்புதல் தரலாம் என்ற பட்டியலை மட்டும் மென்பொருளை நிறுவ வந்த இளைஞரிடம் விட்டுவிடுகிறது. அவர் கேட்டால், “இப்போதைக்கு எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் கிடைக்கும். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதே இல்லை.

பயனர் அனுமதி என்பது கணினிப் பிரிவின் வேலை என்ற எண்ணம் வசதியான பொய். காகிதக் காலத்தில் செலவுச்சீட்டு எழுதியவர் ஒருவர், ஒப்பமிட்டவர் வேறொருவர், பணம் எண்ணிக் கொடுத்தவர் மூன்றாமவர். வங்கிப் பெட்டகத்தின் இரண்டு சாவிகளும் ஒருவர் கையில் இருந்தால் மேலாளரின் வேலை போய்விடும். அதே மேலாளர் தம் ஒப்புதல் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி எழுத்தரின் மேசையில் ஒட்டிவைத்தால் அதற்கு நம்பிக்கை என்று பெயர்!

பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தை நினைவுகூர்வது தகும். மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய்க்கு முறைகேடான பரிவர்த்தனைகள் நடந்ததாக 2018 பிப்ரவரியில் வங்கி அறிவித்தது. கடனுக்குப் பொறுப்பேற்கும் கடிதங்கள் ஸ்விஃப்ட் வழியாக அயல்நாட்டுக் கிளைகளுக்குச் சென்றன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு ஸ்விஃப்ட் இணைக்கப்படாததால் வங்கியின் புத்தகத்தில் அவற்றின் தடமே இல்லை. ‘தொழில்நுட்ப ஓட்டை’ என்றனர் சிலர். ‘இரண்டு ஊழியரின் துரோகம்’ என்றனர் வேறு சிலர். இரண்டு விளக்கங்களும் மேலிடத்தைத் தப்பவிடுகின்றன. ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் சரிபார்க்க, மற்றொருவர் அனுமதிக்கவேண்டும் என்ற பிரிவினை ஸ்விஃப்ட் நடைமுறையில் இல்லாமலில்லை. ஆனால் வங்கியின் புகார்ப்படி, குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி 2010 முதல் 2017இல் ஓய்வுபெறும்வரை அதே அந்நியச் செலாவணிப் பிரிவிலேயே இருந்தார். 2018 ஜனவரியில் புதிய அதிகாரிகள் முழுத் தொகைக்கும் ஈடு கேட்டபோது, முன்பெல்லாம் ஈடின்றியே கிடைத்தது என்று வாடிக்கையாளர் தரப்பு வாதிட்டது. அதன்பிறகே பழைய பதிவேடுகள் தேடப்பட்டன. ஆண்டுக்கணக்கில் எந்தத் திரையும் காட்டாததை, நாற்காலியில் ஆள் மாறியது காட்டியது.

இது ஒரு கிளையின் நோயும் அன்று. ஸ்விஃப்ட் தவறாகப் பயன்படக்கூடும் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி கூறியது. ஸ்விஃப்ட் கட்டுப்பாடுகளை உரிய வகையில் நிறைவேற்றாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

பதவி உயர உயர அனுமதியும் உயரவேண்டும் என்ற மனப்பான்மையே இங்கு வேர். வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி அனுமதியும் கூடாது என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டனர். பொறுப்பின் அடிப்படையில் அனுமதி வழங்கும் முறைக்கு 1996இல் தெளிவான வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் ரவி சாந்து. நம் அலுவலகங்களிலோ அனுமதி என்பது பொன்னாடை. கொள்முதலிலிருந்து பட்டுவாடாவுக்கு மாற்றப்பட்டவர் பழைய அனுமதியையும் சுமந்தே செல்கிறார். இல்லாத விற்பனையாளர் ஒருவரைப் பதிவுசெய்யவும், அவருக்குப் பணம் அனுப்பவும் ஒரே கை போதுமாகிவிடுகிறது. இயக்குநருக்கோ, தாம் ஒருநாளும் திறக்காத திரைகளுக்கெல்லாம் அனுமதி உண்டு.

“நான்கு பேர் உள்ள அலுவலகம், ஒருவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும்” என்பார்கள். உண்மைதான். அதற்கு வழி, பொறுப்பேற்பவருக்கு அவர் பெயரிலேயே, முடிவு தேதியோடு தற்காலிக அனுமதி தருவது. விடுப்பில் போனவரின் பெயரை இரவல் தருவதன்று. இரவல் பெயரின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால் போதும். உள்நுழையச் சோம்பிய மேலதிகாரி கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒப்பந்தப் பணியாளர் பொத்தானை அழுத்துகிறார். தவறு வெளிப்பட்டால், கடவுச்சொல்லைத் திருடியதாகக் குற்றச்சாட்டு கீழே இருப்பவர்மேல் வரும். சொல்லிக்கொடுத்ததற்கு எழுத்தில் சான்று இராது. பணி நீக்கம் முதலில் நடக்கும். விசாரணை பின்னால் வரும், அல்லது வராது.

சட்டமும் இதில் அரைக்கண் மூடியே இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும், அணைத்துவைக்க இயலாத தடப்பதிவு உள்ள கணக்கு மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்தவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் திருத்தம் செய்யப்பட்ட தேதி பதிவாகவேண்டும் என்று சொல்லும் அதன் வாசகம், திருத்தியவர் யார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐந்து பேர் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் ஆண்டு முழுவதும் உள்நுழைந்தாலும் அந்த வாசகம் நிறைவேறிவிடும். ஒரு பயனர் பெயருக்கு ஓர் ஆள் என்பதையும், அனுமதிப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இயக்குநர் குழு படித்து ஒப்பமிடவேண்டும் என்பதையும் கம்பெனி விவகார அமைச்சகம் அதே விதியில் சேர்க்கவேண்டும். துண்டுத்தாளில் கடவுச்சொல் எழுதிக்கொடுத்தவரின் பெயரும் அப்போதுதான் விசாரணைக் கோப்பில் ஏறும்.