செப்புக் கம்பியில் எங்கள் பங்கு

"நேற்று ஏன் வகுப்பில் இல்லை?" என்று ஓர் உயர்தர மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். "லைன் இல்லை டீச்சர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். வீட்டிலும் இதையே சொன்னால், "பக்கேஜைக் கூட்டிப் போடுவோம்" என்பார் வாப்பா. "போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்பார் உம்மா. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டுமே நோய் இருக்கும் இடத்தைத் தொடாத மருந்துகள்.

பல ஊர்களுக்குப் பைபர் இணைப்பு வந்துவிட்டது. இன்னும் வராத தெருக்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் பழைய தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வருகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கம்பியில். மற்றது, அந்தக் கம்பி கொண்டு வரும் கொஞ்ச வேகத்தை நாம் வீட்டுக்குள் பங்கிடும் விதத்தில். முதலாவதை ஓரளவுக்குத்தான் திருத்தலாம். இரண்டாவதை இன்று மாலையே திருத்தலாம். அந்தப் பங்கீட்டில் வரிசையின் கடைசியில் நிற்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளை. இதைப் பற்றிப் பேசவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். தொலைபேசிக் கம்பி இணையத்துக்காகப் போடப்பட்டதல்ல. ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளைப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்றார். முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுந்து நீங்கிவிடுகிறது. மனிதக் குரலைக் கொண்டு செல்ல 4 கிலோஹேர்ட்சுக்கு உட்பட்ட அதிர்வெண்கள் போதும். அந்த வேலையை அந்தக் கம்பி செவ்வையாகவே செய்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்து, 1980களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் ஒன்றைக் கவனித்தார். இணைப்பின் இரு திசைகளுக்கும் சமமான இடம் கொடுக்காமல், வீட்டுக்குள் வரும் திசைக்கு அதிகமாகவும் வீட்டிலிருந்து வெளியே போகும் திசைக்குக் குறைவாகவும் ஒதுக்கினால், அதே செப்புக் கம்பியில் கூடிய வேகத்தைப் பெறலாம் என்பதே அது. நாம் ஏடிஎஸ்எல் என்று அழைக்கும் முறை அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. அதன் பெயரிலுள்ள 'ஏ' என்ற எழுத்தின் பொருளே 'சமச்சீரற்ற' என்பதுதான். குரல் கீழ் அதிர்வெண்களில் செல்ல, தரவு ஏறத்தாழ 25 முதல் 1,100 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் செல்கிறது. முதல் தலைமுறை ஏடிஎஸ்எல்லில் வரும் வேகம் கூடியது 8 மெகாபிட். போகும் வேகம் 1 மெகாபிட் அளவே. பின்னர் வந்த முறையில் வரும் வேகம் 24 மெகாபிட் வரை உயர்ந்தது.

இந்த எண்களெல்லாம் தொலைபேசி நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் பொருந்தும். அதிர்வெண் கூடக் கூட, தூரத்தோடு சமிக்ஞை வேகமாகத் தேய்கிறது. நான்கைந்து கிலோமீற்றர் கம்பி கடந்து வரும் வீட்டுக்கு அந்த வேகத்தில் சிறு துளியே வந்து சேரும். அதோடு ஒவ்வொரு பொருத்தும் ஒரு பலவீனமான இடம். கடற்காற்று படும் ஊர்களில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. மாரிகாலத்தில் பொருத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஆகவே மழை வந்தால் லைன் போகிறது என்று நாம் சொல்வது சாட்டு அல்ல, பௌதிகம்.

இதனால்தான் பக்கேஜைக் கூட்டுவது எல்லா வீட்டுக்கும் தீர்வாகாது என்கிறேன். ரவுட்டரின் உட்பக்கத்தைத் திறந்து பார்த்தால், லைன் உண்மையில் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது எண்ணாகவே தெரியும். அந்த எண் நாம் பணம் செலுத்தும் பக்கேஜின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், மாதாந்தம் இன்னும் கூடுதலாகக் கட்டுவது வீண்விரயம். அந்தப் பணத்தைச் செலவழிக்க முன் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் செலவழிப்பது மேல்.

தொலைபேசியின் ரிசீவரை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்தி, டயல் ஒலி நின்றதும் காதில் வைத்துக் கேளுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று இரைந்தால் லைனில் பழுது உண்டு. அடுத்து, வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் நீட்டுக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதலாவது சொக்கட்டில் ரவுட்டரை மட்டும் நேரடியாகக் கொழுவிப் பாருங்கள். லைன் நிலைத்து நின்றால் பழுது வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பழைய நீட்டுக் கம்பியாக இருக்கலாம், அல்லது பில்டர் பொருத்தாத ஒரு தொலைபேசியாக இருக்கலாம். குரலையும் தரவையும் பிரிக்கும் அந்தச் சிறிய பில்டர், அந்த லைனில் கொழுவிய ஒவ்வொரு தொலைபேசிக்கும் வேண்டும். முதல் சொக்கட்டிலும் லைன் அறுந்தால் பழுது வெளியே. அதைத் திருத்த வேண்டியவர்கள் சேவை தருபவர்களே.

அவர்களிடம் முறைப்பாடு செய்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். மழை நாளில் அறிவிப்போம். வெயில் நாளில் ஒருவர் வந்து பார்த்து, "லைன் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வந்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆகவே இப்போது ஒரு கொப்பியில் திகதி, அறுந்த நேரம், மழை பெய்ததா, ரிசீவரில் இரைச்சல் கேட்டதா என்று எழுதி வருகிறோம். "அடிக்கடி அறுகிறது" என்பது புலம்பல். "பத்து நாட்களில் மழை பெய்த ஆறு நாட்களும் அறுந்தது" என்று எழுதிக் காட்டினால், எங்கே தேட வேண்டும் என்பது பார்க்க வருபவருக்கும் புரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் வேகம் குறைவாகவே இருக்கலாம். அப்போதுதான் பங்கீடு என்ற கேள்வி வருகிறது. இதில் வெளியே போகும் திசையை நாம் மறந்துவிடுகிறோம். அந்தத் திசைக்கு இருப்பதே சிறிய வாசல். வீட்டில் ஒருவருடைய போன், திருமண வீட்டில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தானாகவே மேலே ஏற்றத் தொடங்கினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அது அடைபட்டால் உள்ளே வருவதும் தடுமாறும். ஏனென்றால் வந்து சேரும் தரவுக்கு, "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்ற பதில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். யாரும் போனைத் தொடவே இல்லை, ஆனாலும் லைன் போய்விட்டது என்று நாம் குழம்பும் நேரங்களில் இதுவே காரணமாக இருப்பதுண்டு. தானியங்கிப் பதிவேற்றத்தை இரவுக்கு மாற்றி வைத்தால், ஒரு சதமும் செலவில்லாமல் ஒரு வகுப்பு தப்பும்.

வகுப்பில் கேட்டுக்கொண்டிருப்பதற்கு உள்ளே வரும் வழி போதும். கேள்வி கேட்க வெளியே போகும் வழி வேண்டும். அந்தச் சிறிய வாசலையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டால், சூம் வகுப்பில் மாணவி வெறும் செவியாகிவிடுகிறாள். ஆசிரியர் "விளங்கினதா?" என்று கேட்கும்போது அவள் சொல்லும் "இல்லை" அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுத்த கணக்கு தொடங்கிவிடுகிறது.

பெற்றோரிடம் ஒன்றைத் தயங்காமல் சொல்ல விரும்புகிறேன். லைன் போனால் நானாவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இஷாவுக்குப் பிறகும் கூட்டாளி வீட்டுக்குப் போய் அவர்களுடைய வைபையில் படித்துவிட்டு வரலாம். கடைத்தெருவுக்குப் போய்த் தேவையானதை இறக்கிக்கொண்டு வரலாம். எங்களுக்கு அந்த வழிகள் இல்லை. இரவில் வெளியே போக அனுமதி தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பாதுகாப்பை எண்ணி நீங்கள் போட்ட ஒழுங்கை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் வெளியே போக முடியாதவளுக்கு வீட்டு லைனைத் தவிர வேறு லைன் இல்லை. ஆகவே வீட்டு லைனில் முதல் உரிமை அவளுக்குத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் நேர்மாறாகவே நடக்கிறது. நானா கிரிக்கெட் பார்க்கிறார், தம்பி விளையாடுகிறான், ராத்தா வெளிநாட்டிலுள்ள மச்சானோடு வீடியோவில் பேசுகிறார். "நீ பிறகு படிக்கலாம்தானே" என்று வகுப்பிலிருப்பவளிடமே சொல்லப்படுகிறது. வகுப்பு பிறகு நடக்காது.

ரவுட்டர் இருக்கும் இடமும் இப்படித்தான். பழைய தொலைபேசி விருந்தினர் அமரும் முன் ஹோலில் வைக்கப்பட்டது. ரவுட்டரும் அங்கேயே அமர்ந்துவிட்டது. பெண்பிள்ளை படிப்பது உள்ளறையில். இடையில் இரண்டு சுவர்கள். முன் ஹோலில் ஆண் விருந்தினர் வந்துவிட்டால், அவள் கொப்பியையும் போனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வகுப்பு அங்கேயே அறுந்துவிடும். இதற்கு மருந்து எளிது. தொலைபேசிக் கம்பியை நீட்டி ரவுட்டரை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அது ஏற்கெனவே மெலிந்த சமிக்ஞையை மேலும் மெலியச் செய்யலாம். ரவுட்டர் முதல் சொக்கட்டிலேயே இருக்கட்டும். அதிலிருந்து கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேபிளை உள்ளறைக்கு இழுங்கள். அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் கொண்டு செல்லும். நம் வீடுகளுக்குத் தேவை பதினைந்து மீற்றர்கூட வராது. மடிகணினி இருந்தால் அதில் நேராகக் கொழுவலாம். போன் மட்டும் இருந்தால், அறையில் ஒரு சிறிய வைபை கருவியை அந்தக் கேபிளோடு இணைக்கலாம்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. கம்பியில்லாத் தொலைபேசியைத் தவிர்த்து, பழைய தொலைபேசிகள் அப்போதும் வேலை செய்யும். காரணம், அவற்றுக்கு வேண்டிய 48 வோல்ற் அளவிலான மின்னழுத்தம் அதே செப்புக் கம்பி வழியாகத் தொலைபேசி நிலையத்திலிருந்தே வருகிறது. ரவுட்டருக்கு அந்த வசதி இல்லை. ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய பற்றரி ஒன்று இருந்தால், மின்வெட்டோடு வகுப்பும் வெட்டுப்படாது.

இவற்றையெல்லாம் சண்டை போட்டு வாங்க முடியாது. வீட்டில் ஒரு மஷூரா செய்யுங்கள். நமது நாள் ஏற்கெனவே தொழுகை நேரங்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதையே நேரசூசியாக்கலாம். அஸருக்கும் இஷாவுக்கும் இடையில் வகுப்புள்ள பிள்ளைக்கு லைன். இஷாவுக்குப் பிறகு மற்றவர்களுக்கு. ஊரே இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தைவிட, சுபஹுத் தொழுகைக்குப் பின் லைன் தாராளமாக இருக்கும். பெரிய கோப்புகளை இறக்க அதுவே நேரம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள பாடங்களும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு லைன் இல்லாமலே படிக்கலாம்.

எங்கள் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்த ஒரு மணித்தியால வீடியோ ஏறத்தாழ 900 மெகாபைட் இருக்கும். 1 மெகாபிட் லைனில் அதை இறக்க இரண்டு மணித்தியாலம் வேண்டும், அதுவும் இடையில் அறாவிட்டால். அதே பாடத்தின் குரல் மட்டும் வினாடிக்கு 80 கிலோபிட் அளவில் 36 மெகாபைட்தான். ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும். குரல்பதிவும் கரும்பலகையின் நாலைந்து படங்களும் வட்ஸ்அப்பில் வந்தால், வகுப்பில் அறுந்துபோன மாணவி அன்றிரவே பாடத்தைப் பிடித்துவிடுவாள்.

சக மாணவிகளே, நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. லைன் நன்றாக இருந்த நாளிலும் "லைன் இல்லை" என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பொய், உண்மையிலேயே லைன் இல்லாதவளின் சொல்லையும் நம்ப முடியாததாக்கிவிடுகிறது. முதலுரிமை கேட்பவள் அந்த நேரத்தைப் பாடத்துக்கே கொடுக்க வேண்டும். அதுவும் ஓர் அமானிதம். வகுப்பில் கமெராவை அணைத்து வையுங்கள். குரலுக்கு 100 கிலோபிட்டும் தேவையில்லை. தெளிவான படத்துக்கோ போகும் வழி முழுவதும் போதாது. கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்து, லைன் தடுமாறினால் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். நாலு வரி எழுத்து எந்த நலிந்த கம்பியிலும் போகும்.

ஒருநாள் நம் தெருவுக்கும் பைபர் வரும், இன்ஷா அல்லாஹ். ஆனால் இந்த வருடப் பரீட்சை அதுவரை காத்திருக்காது. வேகமான லைன் வந்த பிறகும், வீட்டில் யாருடைய தேவை முதலாவது என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடப் போவதில்லை. குறைவாக இருப்பதை நீதியாகப் பங்கிடப் பழகிய வீடுதான் நிறைவாக வரும்போதும் நீதியாக இருக்கும். கம்பி தருவது எவ்வளவாக இருந்தாலும், அதில் எங்கள் பங்கை எங்களுக்குத் தாருங்கள்.