பசுவின் அனுமதி

பாலோ வெண்ணெயோ சீஸோ ஒரு துளி சேராமல், மாக்கரோனியைக் கெட்டியான வெள்ளைச் சாஸில் புரட்டி, ஓவனில் வைத்து, மேல்பக்கம் பொன்னிறமாக முறுகும்படி எடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அது போலி ஐயா" என்பது ஒரு கட்சி. "அதற்குத்தான் பாக்கெட் வந்திருக்கிறதே, வாங்கிப் பிரித்துப் போட்டால் தீர்ந்தது" என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியார் பேரிலும் எனக்குக் கோபம் உண்டு. முதல் கட்சியார் பேரில் கொஞ்சம் அதிகம். அவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

போலி என்றால் என்ன? ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவது போலி. முந்திரியை அரைத்து, முந்திரி என்றே சொல்லிப் பரிமாறுகிறவன் யாரை ஏமாற்றுகிறான்? "கிரீம் என்கிறீர்களே, அது பாலுக்குச் சொந்தமான சொல் அல்லவா?" என்று மடக்குகிறார்கள். நல்லது, சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம். சொல்லை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அது பழகின இடம்.

இந்த வழக்கு ஐரோப்பாவில் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிற்று. டோஃபுடவுன் என்ற ஜெர்மன் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில், 2017 ஜூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பால், கிரீம், வெண்ணெய், சீஸ் என்ற பெயர்கள் மிருகத்தின் பாலிலிருந்து வந்த சரக்குகளுக்கே உரியவை, தாவரச் சரக்குக்கு அந்தப் பெயர்களைச் சூட்டி விற்கக் கூடாது. 2021-ல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஏறக்குறைய இதே பாட்டைப் பாடியது. இரண்டு இடத்திலும் தேங்காய்ப் பாலுக்குப் பெரிய மனசு பண்ணி விலக்கு அளித்திருக்கிறார்கள்.

கடைச் சரக்கின் மேல் ஒட்டுகிற சீட்டைப் பற்றிய வரையில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. வாங்குகிறவன் ஏமாறக் கூடாது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தால், அங்கே தமிழ் குறுக்கே நிற்கும். நம் பாஷையில் நெற்கதிர் பால் பிடிக்கிறது. கள்ளியை ஒடித்தால் பால் வடிகிறது. ஆலமரத்தில் பால் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போகிறார்கள். இத்தனைக்கும் எந்தப் பசுவிடமும் யாரும் அனுமதி வாங்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப் பாலை ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அது என்ன? மாவை நூலாகப் பிழிந்து வேகவைத்து, கொட்டையை நசுக்கிப் பிழிந்த கொழுப்புச் சாற்றை அதன் தலையில் ஊற்றுகிறோம். அதைப் பார்த்து எவராவது, "பசும்பாலுக்குப் பதிலாக ஏதோ போலியைக் கொடுத்துவிட்டார்கள்" என்று முகம் சுளித்ததுண்டா? அதே நண்பர் மாக்கரோனியில் முந்திரியைக் கண்டதும் மரபு போயிற்று என்று அலறுகிறார். வெளிநாட்டுச் சாப்பாடு என்றதும் நமக்கு ஆசாரம் கூடிவிடுகிறது. சொந்தச் சாப்பாட்டில் இல்லாத மடி, அடுத்தவன் சாப்பாட்டில்!

மரபு என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். இத்தாலியின் உலர்ந்த மாக்கரோனி, ஒரு தனி ஜாதிக் கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் சேர்ந்தது. அங்கே 1967-ல் வந்த சட்டம் அந்தக் கோதுமையைத் தவிர வேறு கூடாது என்றது. 1154-ல் அல் இத்ரீஸி என்ற அரபு பூகோள ஆசிரியர் சிஸிலித் தீவின் அரசனுக்காக எழுதிய நூலில், பலெர்மோவுக்கு அருகில் திராபியா என்ற ஊரில் இந்த மாவுப் பண்டத்தைச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பியதைச் சொல்கிறார். ஆக, பண்டத்தின் உடம்பில் பால் இல்லை. பால் அதன் மேலே போர்த்திய சால்வைதான்.

சால்வை பழையது என்பது வாஸ்தவம். இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் எழுதிவைத்த சமையல் நூலில், மாவுத் தகடுகளைச் சீஸோடு அடுக்கிச் செய்கிற பண்டம் இருக்கிறது. எதிர்க்கட்சியார் இதைத் தாராளமாகச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் அதே நூலைத் தொடர்ந்து புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் பாதாம் பால் வரும். பாதாமை இடித்து, நீர் விட்டுப் பிழிந்து, அதில்தான் பல பண்டங்களைச் செய்திருக்கிறார்கள். காரணம் தவக்காலம். அந்த நாற்பது நாளும், மற்ற விரத நாட்களிலும், கறி முட்டையோடு பாலும் வெண்ணெயும் விலக்கு. ஆசையை அடக்க முடியாதவர்கள் காணிக்கை கொடுத்து விலக்குப் பெற்றார்கள். பிரான்ஸில் ரூவான் நகரத்துப் பேராலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய கோபுரத்துக்கு, அப்படி வந்த பணத்தில் கட்டியது என்பதால் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர் வழங்குகிறது. காணிக்கை கொடுக்க வகையில்லாதவர்கள் எண்ணெயைக் கொண்டும் கொட்டைகளைக் கொண்டும் ருசியாகச் சாப்பிட வழி கண்டார்கள். சிஸிலியில் சீஸ் வாங்க முடியாத வீடுகளில், காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி ஆலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்து மாக்கரோனியின் மேல் தூவினார்கள். இன்றைக்கும் தூவுகிறார்கள். மரபு என்றால் இதுவும் மரபுதான்.

மரபுக்காரர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. பார்மேசானின் அசல் சரக்கான பார்மிஜானோ ரெஜ்ஜானோவை உறைய வைப்பது எலுமிச்சைச் சாறு அல்ல. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறைபொருள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதைத்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. சுத்த சைவரான என் நண்பர், "அசல் சீஸ் இல்லாமல் என்ன மாக்கரோனி" என்று என்னிடம் வாதாடியபோது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் நாக்கைப் பற்றிய வம்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் பார்த்தேன். பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மாக்கரோனி குமிழியிட்டுக்கொண்டு வந்தது. பத்துக் குழந்தைகள் தட்டை நீட்டின. பதினோராவது குழந்தைக்கு எட்டு வயது, பால் ஒவ்வாது. அதன் கையில் ஒரு வாழைப்பழத்தையும் இரண்டு பிஸ்கட்டையும் கொடுத்து, "பாவம், உனக்குத்தான் ஆகாதே" என்றாள் வீட்டுக்கார அம்மாள். நல்ல அம்மாள், மனசில் ஒன்றும் கிடையாது. இன்னொரு மாமி குனிந்து, "ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்றாள்.

என்ன ஆகும் என்று சொல்கிறேன். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமை ஒன்று. பாலின் புரதம் ஒவ்வாமை வேறு. முதலாவது வியாதியே அல்ல. குழந்தைப் பருவம் கடந்ததும் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுவது, உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இயல்பு. அவர்களுக்கு வயிறு உப்பும், வலிக்கும். தயிரும் நன்றாக முதிர்ந்த சீஸும் அவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டாவது அப்படியல்ல. ஒரு ஸ்பூன் போதும், தடித்துப் போகும். சிலருக்கு மூச்சு அடைத்து உயிருக்கே வினையாகும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "பழகினால் சரியாகிவிடும்" என்று உபதேசம் செய்வதைப் போல அபாயம் வேறில்லை. அந்தக் குழந்தை வாழைப்பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது. பதினொரு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் செய்திருக்கலாமே என்பதுதான் என் வழக்கு முழுதும்.

பாக்கெட் கட்சிக்கு இப்போது வருகிறேன். பால் இல்லாத சீஸ் என்று விற்கும் கட்டிகளில் பெரும்பாலானவை தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் உப்பும் வாசனையும் சேர்ந்தவை. புரதம் பேருக்கு. விலையோ கண்ணைக் கட்டும். அவை பசுவின் சீஸைப் போல உருக வேண்டும், இழுபட வேண்டும் என்று பாடுபட்டுத் தோற்கின்றன. இழுபடுவது பால் புரதத்தின் குணம். கொட்டைக்கு அது வராது, வரவும் வேண்டாம். நூல் நூலாக நீளுவது வேடிக்கை. ருசி அதில் இல்லை. வேஷம் போட்ட பாக்கெட்டைத் தின்று பார்த்துத்தான் முதல் கட்சியார் "பார்த்தீரா, போலி!" என்று துள்ளுகிறார்கள். இரு கட்சியும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தொல்லை இல்லை. கொழுப்பு மிகச் சிறிய துளிகளாக நீரில் பரவி, அதை மாவுச்சத்து பிடித்து நிறுத்தினால் வழவழப்பு. பெஷமெல் என்ற பிரெஞ்சு வெள்ளைச் சாஸில் நடப்பது இதுதான். (அந்தப் பெயர் பதினான்காம் லூயியிடம் காரியஸ்தராக இருந்த ஒரு பிரபுவுடையது. அவர் கரண்டியைத் தொட்டாரா என்பது வேறு விஷயம்.) 100 கிராம் முந்திரியில் 44 கிராம் அளவுக்குக் கொழுப்பும், 18 கிராம் புரதமும், போதுமான மாவுச்சத்தும் ஒரே கொட்டைக்குள் இருக்கின்றன. பிரேஸிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் பண்ருட்டி மணலில் வேரூன்றி நமக்குக் கொடுக்கிற வரம் இது.

250 கிராம் மாக்கரோனிக்கு 120 கிராம் முந்திரி. முழுப் பருப்பு வேண்டாம், உடைசல் போதும், விலையும் குறைவு. கொதிக்கும் நீரில் அரை மணி ஊறட்டும். மாக்கரோனியை உப்புப் போட்ட நீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிஷம் முன்னாலேயே வடித்துவிட வேண்டும். வடித்த நீரைக் கொட்டினீர்களோ, பாதி சாஸைக் கொட்டினீர்கள். அதை விட்டு முந்திரியை அரையுங்கள். விரலால் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. அதுவரை மிக்ஸியை நிறுத்தாதீர்கள். ஒரு பெரிய வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் எண்ணெயில் நிறம் மாறாமல் குழைய வதக்கி, ஒரு மேஜைக் கரண்டி மைதாவைப் போட்டுப் புரட்டி, அரைத்ததையும் இன்னும் கொஞ்சம் வடிநீரையும் விட்டுக் கொதிக்கவிட்டால் முக்கால் லிட்டர் சாஸ் ஆக வேண்டும். "தண்ணியாக இருக்கிறதே" என்று உங்களுக்குத் தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஓவனில் மாக்கரோனி குடித்துவிடும்.

சீஸ் கொடுக்கிற அந்த அடிநாக்கு ருசிக்கு 200 கிராம் காளானைச் சிவக்க வறுத்துச் சேருங்கள். அல்லது தக்காளியைத் தண்ணீர் சுண்டும் வரை வதக்கிச் சேருங்கள். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. இறக்கியபின் எலுமிச்சை ஒரு ஸ்பூன். மேலே ரொட்டித் தூளை எண்ணெயில் பிசறித் தூவி, 200 டிகிரியில் 20 அல்லது 25 நிமிஷம். கடை ரொட்டி சிலவற்றில் பால் பவுடர் கலந்திருக்கும். சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். ஓவன் இல்லாத வீட்டில் கனமான வாணலியை மூடி, தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் கால் மணி விட்டு, தூளைத் தனியே வறுத்துத் தூவினால் பாதகமில்லை.

தேங்காய்ப் பாலுக்காக இவ்வளவு வாதாடியவன், அதை இந்தப் பண்டத்தில் ஊற்றச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இடியாப்பத்தில் அது ராணி. ஓவன் சூட்டில் பூண்டோடும் காளானோடும் சேர்ந்தால் இனிப்பு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் பேசவிடாது.

முந்திரியே ஆகாத குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆகையால் கூப்பிட்ட வீட்டார் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கு 40 கிராம் எண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, காலிஃபிளவரைக் குழைய வேகவைத்து அந்த நீரோடு மசித்து அரைத்ததை 700 மில்லி சிறிது சிறிதாக விட்டுக் கிளறினால் வெள்ளைச் சாஸ் தயார். மற்றதெல்லாம் முன் சொன்னபடியே. இதைச் சாப்பிட்ட என் சைவ நண்பர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். சீஸைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை.