படத்தில் விழாத அடி

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியப் பூ ஒன்றின் பெயர். பலகையைப் படித்துக்கொண்டே ஏறுவது சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு. தலையில் அடிபட்டுப் பிழைத்தவருக்கு அந்தப் பயணமே வேறு. வளைவுக்கு வளைவு வயிறு புரளும். எதிரே வரும் லாரியின் ஹாரன் மண்டைக்குள் இறங்கும். மூட்டத்தில் சிதறும் முகப்பு விளக்கு கண்ணைக் குத்தும்.

கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்காயத்துக்கு வழிகள் பல. ஹெல்மெட் இல்லாத பைக், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், மரத்திலிருந்து தவறி விழுவது. தையல் பிரித்து வீடு வந்தபின்தான் பலருக்கு மண்டையிடி தொடங்கும். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்பார்கள் வீட்டில். அந்த ஒரு வாக்கியத்தோடு வலி பொய்யாகிவிடும்.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும், ரத்தக் கசிவைக் காட்டும். அதிர்ச்சியில் இழுபட்ட நுண்ணிய நரம்பு இழைகள் அதில் தெரியாது. லேசான அடிக்குப் பிறகும் தலைவலி மாதக்கணக்கில் நிற்கலாம். படம் சுத்தமாகவே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் காயத்தின் கதை வேறு. 1962 மார்ச்சில் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கிரிக்கெட் அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில், 1949-இல் அங்கே நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, உடைந்த இடத்தில் உலோகத் தகடு வைத்தார். அது எடுக்கப்பட்டது 2022-இல். கான்ட்ராக்டர் உள்நாட்டு ஆட்டங்களுக்குத் திரும்பினார், டெஸ்ட் மட்டும் மறுபடி ஆடவில்லை. ஏன் என்று அவரை யாரும் குடைந்திருக்க மாட்டார்கள். பதில் மண்டையிலேயே இருந்தது.

கொழுந்து பறிக்கப் போகாமல் இருட்டறையில் படுத்துக் கிடப்பவரிடம் காட்ட அப்படித் தகடு ஏதும் இல்லை.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. உயிரைப் பிடித்து நிறுத்தும் நேரம் அது. இந்தத் தலைவலியின் கணக்கோ நீளமானது. அடிபட்ட 7 நாளுக்குள் தொடங்கி 3 மாதத்தைத் தாண்டினால்தான் மருத்துவ வகைப்பாட்டில் அது 'நீடித்த' தலைவலி.

அதற்குள் சுக்குப் பற்று, தைலம், கடை மாத்திரை எல்லாம் வந்துபோயிருக்கும். சிக்கல் மாத்திரையில் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ, 3 மாதத்துக்கு மேல் விழுங்கினால், மாத்திரையே புதுத் தலைவலியைக் கொண்டுவரலாம். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று சுற்றும்.

அதனால்தான் தலைவலிக்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். தனி நோட்டு வேண்டாம், மாதக் காலண்டர் போதும். வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு, தூக்கம் கெட்ட இரவுக்கு ஒரு புள்ளி. அடுத்த முறை மலையிறங்கும்போது ஸ்கேன் கவரோடு அந்தத் தாளையும் மடித்து எடுத்துப் போகலாம். அமாவாசைக்கும் முகூர்த்த நாளுக்கும் நடுவே 17 வட்டங்கள் இருந்தால், மருத்துவர் அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.